தகாத பேச்சு

மெல்றோய் சவரிமுத்து, எட்டாம் இலக்கம்,
பதினொரு மஞ்சள் அட்டை உனக்கு நான் காட்டியிருக்கிறேன்.
உன் மனைவியின் முகம் எனக்குத் தெரியாது.
உன் முழங்கால் எந்த மழைக்கு நோகும் என்று தெரியும்.

இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு.
நாலரைக்குப் பெரிய அணிகள் வரும், அதற்கு முன் நாங்கள்
நிலத்தைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.
கொம்பனித்தெருவில் அந்நேரம் வெயில் தகரத்தை விட்டு இறங்காது.
பேரை வாவி மணக்கும். கச்சான்காரன்கூட
நிழல் பார்த்துத்தான் நிற்பான்.

முதல்முறை கண்டபோது உனக்குப் பதினேழு,
ஜம்பட்டா வீதிப் பொடியன், அண்ணனின் சப்பாத்து,
முன்னுக்குக் கடதாசி அடைத்தது.
பந்து உன்னிடம் வரும், போய்விடும்.
அவ்வளவுதான் நீ செய்தது.
அரை மணித்தியாலம் கழித்துத்தான் விளங்கியது
மற்ற இருபத்தொரு பேரும் உன்னைச் சுற்றி ஓடுவது.

யோசித்தால் என் வேலையும் அதுதான்.
நீ நடுக்களம், நான் நடுவன்.
தொண்ணூறு நிமிஷம் ஒரே புல்லை மிதித்தோம்,
அதுவும் புல் இல்லை, பாதி செம்மண்.
நன்றாகச் செய்தால் நம் இரண்டு பேரையும்
எவனும் நினைவில் வைத்திருக்கமாட்டான்.

தேசிய முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள்.
மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்:
பொடியன் நல்லவன், ஆனால் கண்ணில் படுகிறான் இல்லை.
மாலைதீவுக்கு ஒரு சீசன் போனாய்.
பாதிச் சம்பளம் வந்ததாம், மிச்சத்துக்கு
மூன்று கிலோ மாசி. உன் ஒழுங்கை முழுக்க
அந்த வருஷம் உன் சம்பளத்தில் சம்பல் இடித்தது.
பிறகு துறைமுகப் பண்டகசாலை அணி, தற்காலிக வேலை,
காலை ஆறு மணிக்கு மூட்டை, பின்னேரம் பந்து.
பன்னிரண்டு வருஷம். ஒன்பது கோல்.
அதில் இரண்டு, யாரோ அடித்து உன் முதுகில் பட்டுப் போனவை.

சரி. அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஒக்டோபர். மழை விட்டு விட்டு.
சமன் செய்தால் போதும், பண்டகசாலை கீழே இறங்காது.
எண்பத்தோராவது நிமிஷம், தலை நிமிராமல் நீ
வலது பக்கம் தள்ளினாய்.
அது போகவேண்டிய இடம் எனக்கும் தெரிந்தது.
வழியில் நின்றது என் கால்.
கணுக்காலில் பட்டது. அவர்கள் எடுத்தார்கள். கோல்.

அன்றைய சட்டம் அப்படி: நடுவன் ஆளில்லை,
கம்பம் மாதிரி, மைதானத்தில் ஒரு சாமான்.
நடுவட்டத்தைக் காட்டி விசில் ஊதினேன்.
நீ நடந்து வந்தாய். கத்தவில்லை. முகத்தில் சேறு.
"அங்க ஏன் சேர் நின்டீங்க?"

பொக்கெட்டுக்குள் கை தானாகப் போனது.
ஈரக் கொப்பியில் பென்சில் எழுதாமல் கிழித்தது:
81. எட்டு. தகாத பேச்சு.

அணி கலைந்தது. தற்காலிக வேலை,
பெயரில் இருந்தபடியே, முடிந்தது.
அடுத்த வருஷம் நானும் விசிலைக் கழற்றினேன்.
கண் சரியில்லை என்று சங்கத்தில் சொன்னேன்.

நேற்று ஆமர் வீதியில் மட்டக்குளி பஸ் ஏறினேன்.
சனம் நெரிய, நடுவில் நீ.
கம்பியைப் பிடிக்காமல், ஒவ்வொரு பிரேக்குக்கும்
இடுப்பை மட்டும் திருப்பி, கூடைக்காரிக்கு வழி விட்டு,
அவள் இடித்ததும் இல்லை, உன்னைப் பார்த்ததும் இல்லை.
முழங்காலில் பட்டி.
கண்டுவிட்டாய். சிரித்தாய்.
"மக்கீன் சேர்! இப்ப எங்க நிக்கிறீங்க?"

முகத்துவாரத்தில், மகள் வீட்டில்,
என்று சொல்லியிருக்கவேண்டும்.
பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க என்று கொண்டக்டர் கத்தினான்.
நான் குனிந்து காலைப் பார்த்தேன்,
யாருடைய வழியிலாவது இருக்கிறதா என்று.